லயத்து உப்பில் உறைந்த ஐஸ்கிரீம்

சித்திரை மாதம் நான்காம் தேதி. ஜப்பான்காரன் மலாயாவுக்கு வந்த மறு வருஷம்.

அன்றும் இருட்டிலேயே ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு மணி அடித்தது. தோக்கியோ நேரத்துக்குக் கடிகாரத்தைத் தள்ளி வைத்த பிறகு, கெமாஸ் போகும் ரயில் பாதையை ஒட்டிய எங்கள் ரப்பர் தோட்டத்தில் தினமும் அப்படித்தான். ஆட்கள் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாமல் வரிசையில் நிற்பார்கள். குரலை வைத்துத்தான் ஆளை அடையாளம் காண்பது.

நான் எழுந்து வாசல் கூட்டினேன். முதல் நாள் அவித்த மரவள்ளிக் கிழங்கைப் பிசைந்து கஞ்சியாகக் கரைத்தேன். என் வீட்டுக்காரர் வீரப்பனுக்கு ஒரு மங்கு, அவர் தங்கை அஞ்சலைக்கு ஒரு மங்கு, எனக்கு ஒன்று. மூவருக்கும் பங்களாவில் வேலை. அவர் சமையல்காரர். நான் சமையலறையில் அவருக்குக் கையாள். அஞ்சலை கூட்டித் துடைப்பவள்.

அஞ்சலை முந்தானை முடிச்சை அவிழ்த்து மூன்று மங்கிலும் ஒரு சிட்டிகை உப்புப் போட்டாள். உப்பு என்ற ஒன்றை நாங்கள் நாக்கில் வைத்து வெகு நாளாகியிருந்தது. ஏது என்று கேட்டேன். மேல் லயத்து வீட்டு வரிசையில் இருக்கும் மருதைக்குத் தம்பின் டவுன் பசாரில் கிடைத்ததாம், கொஞ்சம் கொடுத்தானாம். நம்பினேன். உப்புப் போட்ட மரவள்ளிக் கஞ்சி அன்று விருந்தாக இருந்தது. வழித்துக் குடித்தோம்.

பிறகு மேடேறிப் பங்களாவுக்குப் போனோம். ஜப்பான் துரை குளிக்கும் பீப்பாய்க்கு வெந்நீர் போட்டேன். அஞ்சலை தாழ்வாரம் துடைத்தாள். வீட்டுக்காரர் இரண்டு கோழிகளைப் பிடித்துக் கால்களைக் கட்டினார். இதுவரைக்கும் எல்லா நாளும் போல ஒரு நாள்தான்.

வாளி

வெள்ளைக்காரத் துரை ஓடிப்போனபோது பங்களாவில் விட்டுப்போனவற்றுள் ஒன்று ஐஸ்கிரீம் வாளி. இன்றைக்கு மோட்டாரில் மணியடித்து வருகிற ஐஸ்கிரீமை வாங்கித் தின்னும் பிள்ளைகளுக்கு அதைச் சொல்லித்தான் விளக்க வேண்டும்.

வெளியே ஒரு மர வாளி. அதன் நடுவில் மூடி போட்ட நீளத் தகரக் குவளை. குவளைக்குள் மோர் கடையும் மத்துப் போல ஒரு கட்டை. மேலே ஒரு கைப்பிடி. குவளைக்குள் பாலை ஊற்றி, வாளிக்கும் குவளைக்கும் இடையில் உடைத்த ஐஸும் கல்லுப்பும் மாற்றி மாற்றி அடுக்கிக் கைப்பிடியைச் சுற்ற வேண்டும். தோள் கழன்றுவிடும் போல் ஆகும்போது பால் கெட்டியாகும்.

ஜப்பான் துரை ஒரு நாள் சாமான் அறையைத் திறந்து பார்த்தவர், இந்த வாளியைக் கண்டு கைப்பிடியைச் சுற்றி விளையாடினார். பிறகு எங்கள் தோட்டத்துக் கணக்கெழுதும் ராசையா கிராணியைக் கூப்பிட்டு, சமையல்காரனுக்கு இதில் செய்யத் தெரியுமா என்று கேட்கச் சொன்னார். தெரியும் என்றார் என் வீட்டுக்காரர்.

கிராணி சிலோன்காரர். ஆபீஸ் வேலையோடு கொஞ்சம் ஜப்பான் பாஷையும் கற்றுக்கொண்டதால் இரண்டு பக்கமும் அடி வாங்குகிறவர். குனிந்து கும்பிடத் தாமதித்தார் என்று ஒருமுறை துரை அவர் கன்னத்தில் அறைந்ததை நாங்கள் பார்த்திருக்கிறோம். மூன்றாம் தேதி சாயங்காலம் அவர் சமையலறைப் பின்வாசலுக்கு வந்து, வாசற்படியைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

“வீரப்பன், நாளைக்குச் சிரம்பானிலிருந்து துரைக்கு மேல உள்ள பெரியவர் சாப்பிட வாறார். அடுத்த நாள் விடிய லாரி வருது, சயாமுக்கு. உன்ர பேரும் சொல்லியாச்சு. குசினிக்கு இவ்வளவு ஆள் எதுக்கு எண்டு துரை நினைக்கிறார். அந்தக் குளிர்ச் சாமானைச் செய்து குடு. பெரியவர் வாயால நல்லா இருக்கு எண்டு வந்தால் நீ இஞ்சயே நிக்கலாம். வராட்டி என்னால ஒண்டும் ஏலாது.”

சயாமில் ரயில் பாதை போட எங்கள் தோட்டத்திலிருந்து முன்பே ஆட்கள் போயிருந்தார்கள். போனவர்களிடமிருந்து ஒரு சேதியும் இல்லை. வீட்டுக்காரர் கிராணியிடம் சரி ஐயா என்றார். பிறகு உள்ளே வந்து தேங்காய் உரிக்க ஆரம்பித்தார்.

முதல் கரண்டி

இங்கே கொஞ்சம் பின்னால் போகிறேன்.

நான் கல்யாணமாகி இந்தத் தோட்டத்துக்கு வந்த வருஷம், கிறிஸ்மஸ் அன்று வெள்ளைக்காரத் துரைசானி வேலைக்காரர்களை வரிசையாக நிற்க வைத்து ஆளுக்கு ஒரு கரண்டி ஐஸ்கிரீம் கொடுத்தாள். வாயில் வைத்ததும் நாக்குச் சுட்டுவிட்டது என்று நினைத்தேன். துப்பப் போனேன். வீட்டுக்காரர் கண்ணைக் காட்டினார். வாயை மூடிக்கொண்டேன்.

மூடிய வாய்க்குள் சூடு மெல்ல ஆறியது. அப்புறம் தேங்காய்ப்பால் வந்தது. அப்புறம் இனிப்பு. கடைசியில், தொண்டையில் இறங்கிய பிறகு, வாயெல்லாம் மழை பெய்த தரை போல ஆகிவிட்டது. இன்னொரு கரண்டி கிடைக்காதா என்று நின்றேன். கிடைக்கவில்லை.

தம்பினில் சந்தை நாட்களில் ஐஸ் உருண்டை விற்பார்கள். பலகையில் பதித்த கத்தியில் ஐஸைச் சீவி, உருண்டை பிடித்து, சிவப்புச் சர்பத்தை ஊற்றிக் கொடுப்பார்கள். உறிஞ்ச உறிஞ்ச உருண்டை வெளுக்கும், கை சிவக்கும். அதுவும் பிடிக்கும்தான். ஆனால் அது ஐஸ். இது பால். இரண்டும் வேறு சாமான்.

இன்றைக்கும் யாராவது ஐஸ்கிரீம் வாங்கி வந்தால் நான் என் பங்கைக் கோப்பையில் வைத்துக் கரைந்த பிறகுதான் குடிப்பேன். என் பிள்ளைகள் சிரிப்பார்கள். யுத்தம் முடிந்து வேறு வெள்ளைக்காரத் துரை வந்து அந்த வாளியைக் கேட்டபோது, என் வீட்டுக்காரர் கை வலி என்று சொல்லிவிட்டார். அதன் பிறகு அவர் அதைத் தொட்டதே இல்லை.

வெள்ளைக்காரர் காலத்தில் நடந்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வேலை முடிந்ததும் வாளியில் மிஞ்சும் உப்புத் தண்ணீரைப் பின்பக்கம் செம்பருத்தி வேரில் கொட்டுவார்கள். செடி பட்டுப்போனது. அஞ்சலை அப்போது சிறுமி. அள்ளி அள்ளிப் போட்ட உப்பெல்லாம் மண்ணுக்குப் போவதை அவள் பார்த்திருந்தாள்.

மூட்டையின் அடியில்

நான்காம் தேதிக்குத் திரும்புகிறேன்.

மதியத்துக்கு முன் ஐஸ் வந்தது. கரி வாயுவில் ஓடுகிற லாரி மேடேற முடியாமல் நின்றுவிட, ஆட்கள் தள்ளிக்கொண்டு வந்தார்கள். சாக்கைப் பிரித்தால் மரத்தூளுக்குள் ஐஸ் பாளம். பாதி கரைந்திருந்தது. உப்பு மூட்டை முதல் நாளே வந்து சமையலறை மூலையில் இருந்தது. சர்க்கரையைத் துரை தானே அளந்து கொடுத்து, மீதியைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டார்.

கெட்டித் தேங்காய்ப்பால், முட்டை மஞ்சள் கரு, சர்க்கரை. என் வீட்டுக்காரர் இளம் சூட்டில் கிண்டிக் கரண்டியில் ஒட்டும் பதத்தில் இறக்கி ஆற வைத்தார். பங்களாவுக்குப் பின்னால் பழுத்த பலாவின் சுளைகளை நான் பொடியாக நறுக்கினேன்.

கார் சத்தம் கேட்டது. தாழ்வாரத்தில் பூட்ஸ் சத்தம். பெரியவர் வந்து உட்கார்ந்துவிட்டார். முதலில் சாப்பாடு, பிறகு ஐஸ்கிரீம்.

சாக்கில் கட்டிய ஐஸை வீட்டுக்காரர் கோடரிப் பின்புறத்தால் உடைத்தார். நான் ஐஸை அடுக்கினேன், உப்பை அள்ளிப் போட்டேன். அவர் சுற்றினார். மறுபடி ஐஸ், மறுபடி உப்பு. நாலைந்து கை அள்ளியிருப்பேன். அடுத்து என் கையில் வந்தது ஈர மணல்.

மூட்டைக்குள் முழங்கைவரை விட்டுத் துழாவினேன். அடிவரைக்கும் ஆற்று மணல்.

அவர் சுற்றுவதை நிறுத்தவில்லை. என் முகத்தைப் பார்த்தார். நான் கையை விரித்துக் காட்டினேன். அப்போது கதவோரம் நின்ற அஞ்சலை அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“நான்தான் அண்ணி” என்றாள். “ஐஸு மேல மரத்தூளு போட்டு மூடுறாங்கல்ல, அது மாதிரி மூடத்தானே உப்பும்னு நெனச்சேன். மூடுறதுக்கு மணலு போதாதா? எப்படியும் செம்பருத்திக்குத்தானே ஊத்துவாங்க. லயத்துல புள்ளைங்க உப்பில்லாம துவண்டு கெடக்குதுங்க அண்ணி.”

முதல் நாள் சாயங்காலம் கூட்டுகிற கூடையில் குப்பைக்கு அடியில் வைத்து லயத்துக்குக் கொண்டுபோய் வீட்டுக்கு வீடு கொடுத்திருக்கிறாள். காலையில் நாங்கள் குடித்த கஞ்சியில் இருந்ததும் அதுதான்.

அவளைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. அவள் அண்ணனும் திட்டவில்லை. “உப்பில்லாட்டி பால் எறுகாது” என்றார். “நான் மெதுவா சுத்திக்கிட்டே இருக்கேன். போய்க் கேளுங்க. எவ்வளவு கெடைக்குதோ அவ்வளவு.”

கொடுத்ததைக் கேட்கப் போனோம்

பின்வாசலில் கிராணி நின்றிருந்தார். எங்கே என்று கேட்டார். பலாப்பழம் பத்தவில்லை என்றேன். அவர் என் கையிலிருந்த வெற்றுக் கூடையையும் அழுத கண்ணோடு நின்ற அஞ்சலையையும் பார்த்தார். துரை கேட்கும் முன் கெதியாக வா என்று மட்டும் சொல்லி வழிவிட்டார்.

சரிவில் ஓடினோம். கீழ் லயம் அஞ்சலைக்கு, மேல் லயம் எனக்கு.

ஒருவருக்குக் கொடுத்ததைத் திருப்பிக் கேட்பது எவ்வளவு கேவலம் என்று அன்று தெரிந்துகொண்டேன். அதுவும் உப்பை. பல வீடுகளில் பெண்கள் விஷயத்தைச் சொன்னதும் சிரட்டையை எடுத்து வந்து கூடையில் கவிழ்த்தார்கள். சில உப்பில் மிளகாய் விதை இருந்தது, சிலதில் மஞ்சள் தூள். ஒருத்தி கருவாட்டில் தேய்த்து வைத்திருந்ததைக் கத்தியால் சுரண்டிக் கொடுத்தாள்.

முனியம்மா வீட்டு வாசலில் தயங்கி நின்றேன். அவள் புருஷன் முன்பு போன லாரியில் போனவர். நான் சொல்வதைக் கடைசிவரை கேட்டாள்.

“எம் புருஷனக் கூப்பிட்டப்ப எந்த வீட்டுல உப்பு கேட்டு நான் ஓடுனேன் பாக்கியம்? சொல்லு. ஒம் புருஷனுக்கு ஐஸு செய்யத் தெரியும். எம் புருஷனுக்கு மரத்துல பால் வெட்ட மட்டும்தான் தெரியும். அதான் அவரு அங்க, இவரு இங்க.”

கூடையை இடுப்பில் ஏற்றிக்கொண்டேன். திரும்ப எத்தனித்தேன்.

“நில்லு” என்றாள். உள்ளே போய் உப்பு மூங்கிலை எடுத்து வந்தாள். அடுப்பில் இருந்த கஞ்சியில் ஒரு சிட்டிகை போட்டுக் கலக்கினாள். மீதியைக் கூடையில் தட்டினாள். மூங்கிலைத் திருப்பி, அடியில் இரண்டு தட்டுத் தட்டினாள். கதவைச் சாத்திக்கொண்டாள்.

கடைசிக் கதவு மருதையுடையது. தனிக்கட்டை, கல்யாணம் ஆகாதவன். இரவெல்லாம் மரவள்ளிக் காட்டில் பன்றிக்குக் காவல் இருந்துவிட்டுப் பகலில் தூங்குவான். எழுப்பினேன். கண்ணைக் கசக்கிக்கொண்டே கேட்டான்.

“பன்னி புடிச்சா உப்புக்கண்டம் போடலாம்னு வெச்சிருந்தேன்க்கா. பன்னியும் சிக்கல, இப்ப உப்பும் போச்சா?” சிரித்தான். எல்லோரையும்விட அதிகமாக இருந்தது அவனிடம்தான். ஒரு சிட்டிகைகூட எடுத்திருக்கவில்லை. பொட்டலத்தோடு கூடையில் போட்டான். “எனக்கும் ஒரு வாய் எடுத்து வைலா. ஐஸு நான் தின்னதே இல்ல. இனிக்கிற சாமானுக்கு ஏன் உப்புன்னு நானும் தெரிஞ்சுக்கணும்ல?”

எடுத்து வைக்கிறேன் என்றேன். இரவு காட்டில் இருப்பேன், காலையில் வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு மறுபடி படுத்துவிட்டான்.

சத்தம் மாறியது

சமையலறைக்குள் நுழைந்தபோது அவர் சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. குவளைக்குள் பால் இன்னும் சளசள என்றுதான் கேட்டது. சாப்பாட்டுத் தட்டுகள் திரும்பி வர ஆரம்பித்திருந்தன.

வாளிப் பக்கத்துத் துளையின் அடைப்பைப் பிடுங்கி, தண்ணீரை ஒரு மண்ணெண்ணெய்த் தகரத்தில் பிடித்தேன். இருந்த ஐஸையெல்லாம் உடைத்துப் போட்டு, மஞ்சளும் மிளகாயும் கருவாட்டு வாசமும் கலந்த அந்த உப்பை அள்ளிக் கொட்டினேன். அவர் சுற்றினார். நான் வாளியை முழங்காலால் அணைத்துப் பிடித்தேன்.

கிராணி உள்ளே எட்டிப் பார்த்தார். துரை கேட்கிறார் என்றார். இதோ என்றார் இவர். கிராணி போனார், மறுபடி வந்தார்.

முதலில் மாறியது சத்தம்தான். சளசளப்பு அடங்கியது. பிறகு கட்டை எதிலோ இடிக்கிற மாதிரி ஒரு மந்தமான சத்தம். பிறகு கைப்பிடி நகர மறுத்தது. அவர் இரண்டு கையாலும் தள்ளினார். வாளி என் முழங்காலைத் தள்ளியது. மர வாளியின் வெளிப்பக்கம் வெள்ளையாகப் பனி பூத்தது. அதை நான் விரலால் தொட்டுப் பார்த்தேன்.

இனி ஒன்றே ஒன்று. மூடியைச் சுத்தமாகத் துடைக்காமல் திறந்தால் உப்புத் தண்ணீர் உள்ளே விழும், எல்லாம் போய்விடும். அவரிடமிருந்து துணியை வாங்கி நான் துடைத்தேன். மூடியின் விளிம்பில் ஒரு மிளகாய் விதை ஒட்டியிருந்தது. அதை எடுத்தேன். மறுபடி ஒரு முறை துடைத்தேன். திறந்தேன்.

பலாச்சுளை நிறத்தில் கெட்டியாக நின்றது. கட்டையை வெளியே எடுத்தபோது அதில் சுருள் சுருளாக ஒட்டிக்கொண்டு வந்தது. யுத்தம் நடக்கிறது என்பதே அதற்குத் தெரியாது.

கோப்பைகளில் போட்டு அவர் கொண்டுபோனார். நான் கதவிடுக்கில் நின்றேன். பெரியவர் ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்தார். கண்ணை மூடினார். கரண்டியைக் கீழே வைத்தார். கருவாட்டு வாசம் ஏறிவிட்டதா? என் வீட்டுக்காரர் தலை குனிந்து நின்றார். அவர் பிடரி மட்டும்தான் எனக்குத் தெரிந்தது.

பெரியவர் ஏதோ கேட்டார். மஞ்சளாக இருப்பது என்ன என்று கேட்கிறார், பலாவை மலாய்க்காரர் சொல்வது போல நங்கா என்று சொல்லிவிட்டேன் என்றார் கிராணி இவரிடம். பெரியவர் கரண்டியை மறுபடி எடுத்தார். கோப்பை காலியாகும்வரை வைக்கவில்லை. பிறகு கோப்பையை நீட்டினார்.

ஆள் கணக்கு

கார் போன பிறகு கிராணி சமையலறைக்கு வந்தார். வெள்ளைச் சட்டையின் முதுகு முழுக்க வியர்வை.

“நல்லா இருக்கெண்டு சொன்னவர். திரும்பவும் வருவாராம். நீ இஞ்சயே நில்.”

அஞ்சலை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். வீட்டுக்காரர் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தார். கிராணி போகவில்லை. வாசற்படியைப் பார்த்தார்.

“ஆனா ஆள் கணக்குக் குறையக் கூடாது எண்டு துரை சொல்லிப்போட்டார். வீரப்பனுக்குப் பதில் ஒராள் வேணும். குடும்பமில்லாத ஆளாப் பாக்கிறன். வேற என்ன செய்யிறது?”

யார் என்று நான் கேட்கவில்லை. வீட்டுக்காரரும் கேட்கவில்லை. குடும்பமில்லாத ஆட்கள் தோட்டத்தில் அதிகம் இல்லை.

குவளையின் அடியில் ஒரு கோப்பையளவு மிஞ்சியிருந்தது. நாங்கள் மூவரும் அதை நாக்கில் வைக்கவில்லை. மூடிவிட்டு, மிஞ்சிய ஐஸை நெருக்கி, மரத்தூள் போட்டுச் சாக்கால் மூடினேன். உப்புத் தண்ணீரை இம்முறை செம்பருத்திக்கு ஊற்றவில்லை. காய்ச்சி உப்பெடுத்து லயத்துக்குத் திருப்பிக் கொடுக்கத் தகரத்திலேயே வைத்தேன்.

மறுநாள் எழுந்ததும் அடுப்பு மூட்டவில்லை, வாசல் கூட்டவில்லை. நேரே பங்களாவுக்குப் போய் வாளியைத் திறந்தேன். ஐஸ் முழுக்கத் தண்ணீராகியிருந்தது. குவளை மட்டும் இன்னும் குளிர்ந்திருந்தது. மூடியைத் துடைத்தேன். அதை இடுப்பில் வைத்துக்கொண்டு பெரட்டுக் களத்துக்கு இறங்கினேன்.

இருட்டு. லாரி விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதன் வெளிச்சத்தில் வரிசையாகக் குந்தியிருந்தவர்களில் மருதை கடைசி. காட்டிலிருந்து நேரே கூட்டி வந்திருந்தார்கள்; காலில் சேறு காயவில்லை. மடியில் துணி மூட்டை இல்லை, வெறும் கை.

என்னைப் பார்த்து முகம் மலர்ந்தான். “மறக்காம கொண்டாந்துட்டியேக்கா.”

குவளையைத் திறந்து பார்த்தான். “ஐஸு எங்க?”

“கரைஞ்சிருச்சுப்பா.”

பரவாயில்லை என்று இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தான். பாதி குடித்துவிட்டுப் பக்கத்தில் இருந்தவரிடம் நீட்டினான். அவர் குடித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்த குவளைக்குள் விரலை விட்டு ஒட்டியிருந்ததை வழித்தான். விரலை வாயில் வைத்துச் சப்பினான்.

“இனிப்பாத்தான்க்கா இருக்கு” என்றான். “உப்பே தெரியல.”

அவர்களை ஏறச் சொன்னார்கள். குவளையை என்னிடம் கொடுத்துவிட்டு எழுந்தான்.